யாரிடமிருந்து வந்தது என்று ரிப்போர்ட் சொல்லாது

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

சென்னையின் தெருமுனைகளில், மருந்துக்கடையின் மாடியிலோ பின்னறையிலோ, மாலை ஆறு மணிக்கு மேல் டோக்கன் கொடுத்து நோயாளிகளைப் பார்க்கிற குடும்ப மருத்துவர்களுக்கும் மகப்பேறு மருத்துவர்களுக்கும் இந்த மடலை எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் அல்ல. பெரம்பூர்ப் பக்கம் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் 29 ஆண்டுகள் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நீங்கள் சீட்டில் எழுதியனுப்பியதைச் செய்து, முடிவைக் கவரில் போட்டு, கவுன்ட்டர் வழியாக நீட்டியதுதான் என் வேலை. அந்தக் கவரை வாங்கியவர்கள் உங்களிடம் வந்து சேரும்வரை பிரிக்காமல் வைத்திருப்பார்கள் என்று நீங்கள் நினைத்திருந்தால் அது தவறு. பெரும்பாலோர் எங்கள் படிக்கட்டிலேயே பிரித்துவிடுவார்கள். அது பால்வினைத் தொற்றுக்கான பரிசோதனையாக இருந்தால், தடித்த எழுத்தில் 'ரியாக்டிவ்' என்றோ 'பாசிட்டிவ்' என்றோ இருக்கும் ஒற்றைச் சொல்லைப் படித்துவிட்டு, கணவன் மனைவியையோ மனைவி கணவனையோ நிமிர்ந்து பார்க்கிற கணத்தைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அந்தப் பார்வையில் இருப்பது 'யாரிடமிருந்து?' என்கிற கேள்வி. அதற்கான விடை அந்தக் காகிதத்தில் இல்லை என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள். உங்களில் பலர் அதைச் சொல்வதில்லை. சிலர் நேர்மாறாகவே சொல்லிவிடுகிறீர்கள். அதைப் பற்றித்தான் இந்த மடல். இதில் வருகிறவர்கள் யாரென்று தெரியாதபடி ஊரையும் தொழிலையும் மாற்றியிருக்கிறேன்.

கருவுற்று ஐந்து மாதமான ஒரு பெண் மாமியாரோடு எங்கள் லேபுக்கு வந்தாள். கர்ப்ப காலத்தில் வழக்கமாக எழுதும் பரிசோதனைகளோடு, சிபிலிஸ் என்கிற பால்வினை நோய்க்கான முதல்கட்ட ரத்தப் பரிசோதனையான வி.டி.ஆர்.எல்.லும் சீட்டில் இருந்தது. முடிவு ரியாக்டிவ், அதாவது நோய் இருக்கலாம்; டைட்டர் (எத்தனை மடங்கு நீர்த்தாலும் எதிர்வினை தெரிகிறது என்கிற அளவு) 1:2. வாங்கிக்கொண்டு இரண்டு கடை தள்ளியிருந்த கிளினிக்குக்குப் போனார்கள். அரை மணி நேரத்தில் மாமியார் மட்டும் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, இது ஆம்பளகிட்டருந்து பொம்பளைக்கு வர்றதா, பொம்பளகிட்டருந்து ஆம்பளைக்கு வர்றதா?" என்று கேட்டார். டாக்டரைக் கேளுங்கள் என்றேன். "அவருதான் உங்க மருமகளையே கேளுங்கன்னுட்டாரு" என்றார். மறுநாள் மகனின் ரத்தமும் எங்களிடம் வந்தது, அது நான்-ரியாக்டிவ், அதாவது எதிர்வினை இல்லை. அந்த வீட்டில் அதற்குமேல் விசாரணை தேவைப்படவில்லை. அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுடைய அண்ணன் விடாமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய், சிபிலிஸை உறுதிசெய்யும் டி.பி.எச்.ஏ. பரிசோதனை செய்யவைத்தார். நெகட்டிவ். அவளுக்கு அந்த நோயே இல்லை. இரண்டு காகிதங்களுக்கும் இடையே 11 நாட்கள் போயிருந்தன. இரண்டாவது காகிதத்தோடு எங்கள் கவுன்ட்டருக்கு வந்தவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. பக்கத்தில் ஜெராக்ஸ் கடை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். நான்கு பிரதிகள் வேண்டுமாம், புகுந்த வீட்டில் ஆளுக்கு ஒன்று கொடுக்க.

அந்த மருத்துவர் கெட்டவர் அல்ல. எங்கள் பகுதியில் பலருக்குப் பணம் வாங்காமல் வைத்தியம் பார்த்தவர். கூட்ட நேரத்தில் ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். ஆனால், வி.டி.ஆர்.எல். பரிசோதனை என்ன பார்க்கிறது என்பது அவருக்குத் தெரியாதது அல்ல. அது சிபிலிஸ் கிருமியைப் பார்ப்பதில்லை; மாட்டு இதயத்திலிருந்து எடுத்த கார்டியோலிப்பின் என்கிற கொழுப்புப் பொருளோடு நோயாளியின் சீரம் சேர்ந்து திரிகிறதா என்று மட்டும் பார்க்கிறது. கர்ப்பம், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ், தொழுநோய், மலேரியா என்று வேறு பல காரணங்களாலும் அது திரியக்கூடும். அப்படித் திரியும்போது டைட்டர் பெரும்பாலும் 1:8க்குக் கீழேயே இருக்கும். ஆகவே 1:2 என்பது பொய்யாகவும் இருக்கலாம், என்றோ வந்து ஆறிய பழைய மெய்யாகவும் இருக்கலாம். டி.பி.எச்.ஏ. செய்யாமல் எதையும் சொல்ல முடியாது. அதிலும் பாசிட்டிவ் என்று வந்தால்கூட நோய் வந்த நாள் தெரிந்துவிடாது. முறையாக ஊசி போட்டுக் குணமான பிறகும் பெரும்பாலோருக்கு டி.பி.எச்.ஏ. ஆயுள் முழுக்கப் பாசிட்டிவாகவே இருக்கும்.

இது நோயே இல்லாதவளின் கதை. நோய் உண்மையிலேயே இருக்கிறவர்களின் நிலைதான் இன்னும் சிக்கலானது. ஏனென்றால் ஒரே கட்டிலில் படுக்கிற இருவரில் ஒருவருக்கு இருப்பது மற்றவருக்கு மட்டுமல்ல, அவருக்கே தெரியாமல் இருப்பதுதான் இந்தத் தொற்றுகளின் வழக்கம். சிபிலிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். தொற்றிய 10 நாளிலிருந்து 90 நாளுக்குள், சராசரியாக மூன்று வாரத்தில், ஒரு புண் வருகிறது. அது வலிக்காது. ஆணுக்கு முன்தோலுக்கு அடியிலும், பெண்ணுக்குக் கருப்பை வாயிலும் வந்தால் கண்ணுக்கே தெரியாது. எந்த மருந்தும் போடாமலேயே மூன்று முதல் ஆறு வாரத்தில் ஆறிவிடும். வலியில்லாமல் வந்து வைத்தியமில்லாமல் போன புண்ணை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? சில வாரமோ சில மாதமோ கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிக்காத தடிப்புகள் வரலாம். சென்னை வெயிலில் அதை யாரும் வியர்க்குரு என்றோ 'ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை' என்றோதான் எடுத்துக்கொள்வார்கள். அதுவும் போய்விடும். அதன் பிறகு ரத்தப் பரிசோதனை தவிர வேறு எதிலும் பிடிபடாத நிலையில், ஆண்டுக்கணக்கில் உடம்புக்குள்ளேயே இருக்கும். துணைவருக்குத் தொற்றும் ஆற்றல் முதல் ஓரிரு ஆண்டுகளுக்குப் பிறகு வெகுவாகக் குறைந்துவிடுவதால், திருமணத்துக்கு முன்பே நோய் வந்த ஒருவரின் துணைவருக்கு நான்-ரியாக்டிவ் என்று வருவது முற்றிலும் சாத்தியம். நோய் வந்தவர் பெண்ணாக இருந்து கருவுற்றால், குழந்தைக்குப் போகிற ஆபத்து மட்டும் அப்போதும் மிச்சமிருக்கும். அதற்காகத்தான் கர்ப்பிணிகளுக்கு அந்தப் பரிசோதனையை எழுதுகிறீர்கள், குடும்ப விசாரணைக்காக அல்ல.

கிளமிடியா என்கிற பாக்டீரியா இன்னும் மோசம். 29 ஆண்டுகளில் நான் அதை ஒருமுறைகூட என் மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. அது உயிரணுக்களுக்கு உள்ளே ஒளிந்து வாழ்வது. கிருமிகளுக்கு நிறமேற்றிப் பார்க்கும் சாதாரண கிராம் சாயத்தில் சீழணுக்கள் மட்டும்தான் தெரியும். பி.சி.ஆர். வகைப் பரிசோதனைதான் அதைக் காட்டிக்கொடுக்கும். தனியார் லேபுகளில் பால்வினைத் தொற்றுகளுக்கான பி.சி.ஆர். சில ஆயிரம் ரூபாய் ஆகும் என்பதால் நீங்கள் எழுதத் தயங்குவது எனக்குப் புரிகிறது. தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கும், ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கும் எந்த அறிகுறியும் இருக்காது. சிகிச்சை இல்லாமல் மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கும் மேலாகவே, உடம்பில் தங்கிவிடும். அந்த இடைவெளியில் ஒருவருக்குத் திருமணமே நடந்து முடிந்திருக்கலாம். மாப்பிள்ளைக்கு நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் தொற்றியது, மணப்பெண்ணுக்கு ஆடி கழிந்து வந்த பரிசோதனையில் தெரிகிறது என்றால், அதைப் பார்த்துவிட்டு இந்த மாதம் யார் எங்கே போனார்கள் என்று கணக்கெடுப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

கொனோரியாவில் ஆண்களுக்குப் பெரும்பாலும் சில நாட்களிலேயே சீழ் வந்து காட்டிக்கொடுத்துவிடும். பெண்களில் கணிசமானோருக்கு ஒன்றும் தெரியாது. தொண்டையில் தொற்றினால் இருவருக்குமே பெரும்பாலும் தெரியாது. ஹெர்பிஸ் வைரஸ் உள்ளவர்களில் பெரும்பாலோர் அது தங்களுக்கு இருப்பதையே அறியாதவர்கள். புண் எதுவும் இல்லாத நாளிலும் அது பரவும். முதல் கொப்புளம் தொற்றிப் பல ஆண்டுகள் கழித்துக்கூட வரலாம். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும் எச்.பி.வி. வைரஸும் அப்படியே. அதற்கு ஆண்களிடம் வழக்கமாகச் செய்கிற பரிசோதனையே கிடையாது என்பதால், கணவனுக்கு 'இல்லை' என்று நிரூபிக்கிற காகிதம் உலகத்திலேயே இல்லை. எச்.ஐ.வி. சிகிச்சையில்லாமல் எட்டுப் பத்து ஆண்டுகள் ஓசையில்லாமல் இருக்கும். ஹெபடைட்டிஸ் பி கணவனுக்கு இருப்பதாகத் தெரிந்தால், அது அவர் பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

எனக்கு நெருக்கமாகத் தெரிந்தது டிரைக்கோமோனாஸ் என்கிற ஒற்றையணு ஒட்டுண்ணி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல் உலகம் முழுவதும் புதிதாக ஏற்பட்ட, குணப்படுத்தக்கூடிய நான்கு பால்வினைத் தொற்றுகள் 37.4 கோடி, அதில் 15.6 கோடி இதுதான். அதிகம் பரவுவதும் இது, அதிகம் பேசப்படாததும் இது. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு சலைன், அதில் பஞ்சுக் குச்சியால் எடுத்து வந்த திரவம், மேலே ஒரு கவர்ஸ்லிப். லென்ஸைத் திருகினால் சீழணுக்கள் நடுவே பேரிக்காய் வடிவத்தில் ஒன்று வெட்டி வெட்டித் துள்ளும். அது துள்ளினால்தான் எங்களால் அடையாளம் காண முடியும். அசையாமல் கிடந்தால் சீழணுவிலிருந்து பிரித்துச் சொல்வது கடினம். உடம்பைவிட்டு எடுத்துப் பத்து நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். உங்கள் கிளினிக்கில் மாதிரியை எடுத்து, பையனிடம் கொடுத்தனுப்பி, அவன் டீக்கடையில் நின்று, பிறகு எங்கள் ரேக்கில் இருந்து, என் முறை வரும்போது அது செத்துப்போயிருக்கும். நான் 'காணப்படவில்லை' என்று எழுதுவேன். எல்லாம் சரியாகச் செய்தாலும்கூட இந்த முறை இருக்கிற தொற்றில் பாதியை, மிஞ்சிப்போனால் மூன்றில் இரண்டு பங்கைத்தான் பிடிக்கும். ஆணின் சிறுநீரில் அதைவிடக் குறைவாகத்தான் பிடிபடும். மேலும் பல ஆண்களுக்கு அது சில வாரங்களில் தானாகவே அகன்றுவிடும். பெண்ணுடம்பிலோ மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் தங்கும்.

'எனக்கு பாசிட்டிவ், அவருக்கு நெகட்டிவ்' என்று ஒரு பெண் உங்கள் முன் அழுதுகொண்டு உட்காரும்போது, அந்த நெகட்டிவ் எத்தனை வழிகளில் வந்திருக்கலாம் என்பதை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். பரிசோதனை தவறவிட்டிருக்கலாம். உடம்பே விரட்டியிருக்கலாம். போன மாதம் தொண்டை வலிக்கு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி விழுங்கிய அசித்ரோமைசின், கேட்காமலேயே கிளமிடியாவையும் அழித்திருக்கலாம். நம் ஊரில் அந்த மாத்திரையைச் சாப்பிடாத ஆள் யார்? நெகட்டிவ் என்று வந்தவர் நிரபராதி, பாசிட்டிவ் என்று வந்தவர் குற்றவாளி என்கிற தீர்ப்பு வீட்டுக்கு வீடு எழுதப்படுகிறது. இரண்டு பக்கமும் அந்தத் தீர்ப்பைப் பெண்கள்தான் அதிகம் சுமக்கிறார்கள், ஏனென்றால் கருவுற்றால் முதலில் பரிசோதிக்கப்படுபவள் அவள், குழந்தை இல்லையென்றாலும் முதலில் பரிசோதிக்கப்படுபவள் அவள். முதலில் தேடப்படுகிறவரிடம்தானே முதலில் கிடைக்கும்.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காகிதம் எப்போதுமே ஊமை அல்ல. இரண்டு மூன்று நாளாகச் சீழ் வடிகிறது என்று வருகிற ஆணுக்குக் கிராம் சாயத்தில் கொனோரியா தெரிந்தால், தொற்று அண்மையில் வந்தது என்று கொள்ள நியாயமான காரணம் உண்டு. முதல்நிலைப் புண்ணோடு வருகிற சிபிலிஸும் அப்படித்தான். துரோகம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. இருக்கிறது, அதைக் கணவனும் மனைவியும் பேசித் தீர்க்கட்டும். ஆனால் பேச வேண்டியது வாழ்க்கையைப் பற்றி. ஒரு டைட்டரைச் சாட்சியாக நிறுத்தி அல்ல.

இன்னொரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். லோடு ஆட்டோ ஓட்டும் ஒருவர், இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை ஒரே தொல்லையோடு எங்கள் லேபுக்கு வந்தார். மூன்று முறையும் சீழ், மூன்று முறையும் வெவ்வேறு கிளினிக்கின் சீட்டு, மூன்று முறையும் அவருக்கு மட்டும் மாத்திரை. மூன்றாம் முறை அவரே என்னிடம், "மேடம், நான் எங்கயும் போறதில்ல, இது எப்படித் திரும்பத் திரும்ப வருது?" என்று கேட்டார். அவர் எங்கேயும் போகாமல் இருந்திருக்கலாம் என்றே நினைக்கிறேன். முதல் முறை வந்தபோதே அவர் மனைவிக்கும் தொற்றியிருக்கும். மனைவிக்கு அறிகுறி இல்லாததால் யாரும் அந்த அம்மாவைக் கூப்பிடவில்லை. இவர் குணமாகி வீட்டுக்குப் போய், இவர் கொடுத்ததையே இவர் திரும்ப வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். பிறகொரு நாள் அந்த அம்மாவும் எங்கள் லேபுக்கு வந்தார், குழந்தையின்மைக்கான பரிசோதனைகளுக்காக. கையிலிருந்த எக்ஸ்-ரே அறிக்கையில் இரண்டு சினைக்குழாய்களிலும் அடைப்பு என்று இருந்தது. அந்த அடைப்புக்கு இந்தத் தொற்றுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது, காசநோய் உள்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனால் முதல் சீட்டை எழுதிய அன்று "வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க" என்று யாராவது சொல்லியிருந்தால், கூப்பிட்டதற்கு ஆன செலவு ஒரு பஸ் டிக்கெட்.

ஏன் கூப்பிடவில்லை என்று யோசித்திருக்கிறேன். கூப்பிட்டால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் சண்டை வரும், சண்டை வந்தால் கிளினிக்குக்குப் பெயர் கெடும். அதனால் 'யூரின் இன்பெக்‌ஷன்' என்று ஒரு பெயரை வைத்துவிடுவது எல்லோருக்கும் வசதி. பெண்களும் தங்கள் பங்குக்கு 'உடம்பு சூடு' என்று வெந்தயத்தையும் இளநீரையும் எடுத்துக்கொண்டு வெள்ளைப்படுதலைப் பல மாதம் தள்ளிப்போடுகிறார்கள். (வெள்ளைப்படுகிற எல்லாமே பால்வினைத் தொற்று அல்ல என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்; பூஞ்சைத் தொற்றுக்காகக் கணவனைச் சந்தேகித்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.) வெட்கம் நம் மொழியிலேயே ஊறியிருக்கிறது. சிபிலிஸுக்கு நம் முன்னோர் வைத்த பெயர் பறங்கிப்புண்; அதாவது பறங்கியரிடமிருந்து வந்தது. அதற்குக் கொடுத்த வேருக்குப் பறங்கிப்பட்டை என்று பெயர். நோய்க்குப் பெயர் வைக்கும்போதே 'யாரிடமிருந்து' என்பதற்கு விடையையும் சேர்த்து வைத்துவிட்டோம்.

இதே ஊர்தான் வேறு விதமாகவும் நடந்துகாட்டியிருக்கிறது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் ஆய்வு மாணவியாக இருந்த நிர்மலாவும், நோயாளிகளாகத் தெரிந்தவர்களின் ரத்தத்தை அல்ல, காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்தைக் கேட்டு வாங்கி, வேலூருக்கு எடுத்துப் போய்ப் பரிசோதித்து, நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். அறிகுறிக்காகக் காத்திருந்தால் எத்தனை ஆண்டு தாமதமாகியிருக்கும் என்பதை நீங்களே கணக்கிடலாம். 1994இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையம் என்றால் இன்று ஆட்டோக்காரரும் வழி சொல்வார். எச்.ஐ.வி.க்கு நாம் கற்றுக்கொண்ட பேச்சை மற்ற தொற்றுகளுக்கு ஏனோ இன்னும் நீட்டவில்லை.

சட்டத்தையும் நினைவில் வையுங்கள். இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவில், தொற்றக்கூடிய நிலையில் பால்வினை நோய் இருப்பது மணமுறிவுக்கான காரணங்களில் ஒன்றாக இன்றும் இருக்கிறது. நீங்கள் அவசரத்தில் சீட்டின் ஓரத்தில் கிறுக்கும் ஒரு குறிப்பு, குடும்ப நல நீதிமன்றத்தில் ஒரு வக்கீலின் கையில் போய் நிற்கக்கூடும். இன்னொரு பக்கம், 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டம், ஒருவரின் தொற்றை அவர் துணைவருக்குச் சொல்ல மருத்துவருக்கோ ஆலோசகருக்கோ மட்டுமே சில நிபந்தனைகளோடு அனுமதி தருகிறது. அப்படிச் சொன்னால் வன்முறையோ கைவிடப்படுதலோ நேரும் என்கிற நியாயமான அச்சம் இருந்தால், குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில், சொல்லக் கூடாது என்றும் சொல்கிறது. மாமியாருக்குச் சொல்ல யாருக்கும் எந்த அனுமதியும் இல்லை. சிபிலிஸுக்கும் கிளமிடியாவுக்கும் அப்படியொரு தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், அதே நிதானத்தை அவற்றுக்கும் கடைப்பிடிப்பதை யாரும் தடுக்கவில்லை.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. முடிவு பாசிட்டிவ் என்றால், அவரை மட்டும் தனியாக உள்ளே அழையுங்கள்; உடன் வந்தவர் அம்மாவானாலும் அத்தையானாலும் இரண்டு நிமிடம் வெளியே இருக்கட்டும். அவர் கேட்பதற்கு முன்பே நீங்களாகச் சொல்லுங்கள்: "இது எப்ப வந்தது, யார்கிட்டருந்து வந்ததுன்னு இந்த டெஸ்ட் சொல்லாது. ரொம்ப நாளா தெரியாமலேயே இருந்திருக்கலாம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல மருந்து எடுத்துக்கணும்." இந்த மூன்று வாக்கியத்துக்கு அரை நிமிடம்கூட ஆகாது. கணவரிடம் தானே சொல்ல அவருக்குப் பயமாக இருந்தால், அழைத்து வரச் சொல்லி இருவர் முன்னும் நீங்கள் சொல்லுங்கள். அடி விழும் என்று அவர் சொன்னால் அதை நம்புங்கள், அவசரப்படாதீர்கள். துணைவர் வந்தால், அறிகுறி இல்லை என்பதற்காக அவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். சிகிச்சை முடிந்து ஏழு நாள் கழியும்வரை உறவு வேண்டாம் என்பதை இருவருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள், ஒருவருக்கு மட்டும் சொன்னால் அது வீட்டில் இன்னொரு சண்டையாகும்.

செலவு ஒரு தடையாக இருந்தால், அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்களுக்கென்று சுகவாழ்வு மையங்கள் இருக்கின்றன. ஆலோசகர் இருப்பார், மருந்து இலவசம். ஆணுக்குச் சீழ் வடிந்தாலும் பெண்ணுக்குக் கருப்பை வாய் அழற்சி இருந்தாலும் அங்கே சாம்பல் நிறப் பெட்டி ஒன்று தருவார்கள்; அசித்ரோமைசின், செஃபிக்சைம் மாத்திரைகள்; துணைவருக்கும் அதே பெட்டி. சிபிலிஸுக்கான பென்சத்தீன் பென்சிலின் ஊசியைப் போடத் தெருமுனை கிளினிக்குகளில் தயங்குவீர்கள், ஒவ்வாமைக்கு அஞ்சித்தான். அதில் தவறில்லை. ஆனால் கர்ப்பிணிக்கு அதற்கு மாற்று மருந்து இல்லை என்பதால், தயங்குகிறவர் அன்றைக்கே கடிதம் எழுதி அனுப்பிவிட வேண்டும். 'அடுத்த செக்கப்பில் பார்த்துக்கொள்ளலாம்' என்பது குழந்தையின் நாட்களைத் தின்றுவிடும். கேட்கத் தயங்குகிறவர்களுக்கு 1097 என்கிற இலவச எண்ணை எழுதிக் கொடுங்கள். நீங்கள் பேசாமல் விட்ட இடத்தில்தான் மின்சார ரயில் பெட்டியிலும் பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைச் சுவரிலும் ஒட்டியிருக்கும் லாட்ஜ் வைத்தியரின் போஸ்டர் பேசிக்கொண்டிருக்கிறது.

எங்கள் தரப்புக் குறைகளையும் ஒப்புக்கொள்கிறேன். கவரை ஒட்டாமல் கொடுத்திருக்கிறோம். பெயரை வரவேற்பறை கேட்கக் கூவி அழைத்திருக்கிறோம். டைட்டர் குறைவாக இருக்கும்போது 'உறுதிப் பரிசோதனை செய்யவும்' என்று ஒரு வரியை அடியில் அச்சிட வேண்டும் என்று நான் முதலாளியிடம் கேட்டு, அது வருவதற்கு நான்கு ஆண்டுகள் ஆயின. அதையும் ஆங்கிலத்தில்தான் அச்சிட்டார்கள். உங்களிடம் மாதிரிகளை வாங்கும் லேபுகளிடம் அதைத் தமிழிலும் கேளுங்கள். நீங்கள் கேட்டால் செய்வார்கள்; நாங்கள் கேட்டால் செய்யமாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. சிகிச்சையோடு விட்டுவிடாமல் மூன்று மாதம் கழித்து இருவரையும் மறுபடி பரிசோதிக்க எழுதுங்கள். மூன்று நான்கு வாரத்துக்குள் பி.சி.ஆர். செய்தால் செத்த கிருமியின் எச்சத்தைக்கூட அது பாசிட்டிவ் என்று காட்டி, அடங்கிய வீட்டில் மறுபடியும் தீ வைத்துவிடும். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டில், மூன்று மாதம் கழித்துச் செய்யும் மறுபரிசோதனைச் சீட்டோடு ஒரு தம்பதி சேர்ந்தே வந்தார்கள். எழுதியவர் உங்களில் ஒருவர்தான். சிறுநீர் மாதிரி கொடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருக்க வேண்டும் என்று சொன்னேன். அந்த ஒரு மணி நேரத்தையும் பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் செல்போனில் இருந்த எதையோ இருவருமாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் கவரை வாங்கவும் இருவருமாகத்தான் வந்தார்கள். படிக்கட்டில் பிரிக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
பெரம்பூர், சென்னை.